இரத்மலானையில் இறங்காத விமானம்

என் கணவர் நாகேந்திரம் கொழும்புக் கோட்டையில் ஒரு பயண முகவர் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக டிக்கெட் எழுதுகிறவர். நாங்கள் இருக்கும் வெள்ளவத்தையில் பாதிச் சனத்தை லண்டனுக்கும் கனடாவுக்கும் ஏற்றி அனுப்பியவர், தான் மட்டும் ஒருநாளும் விமானம் ஏறியதில்லை. அந்தக் குறையை அவர் தீர்த்துக்கொண்டது எங்கள் முன்னறை மூலையில் இருந்த கொம்பியூட்டரில்தான்.

விமானம் ஓட்டுகிற கேம் அது. ஞாயிறு காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்காருவார். கடலுக்கு மேலால் பறந்து வந்து, எங்கள் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் இறக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட இறக்கவில்லை. ஓடுபாதை கிட்ட வரும்போது படம் அப்படியே நின்றுவிடும். மனுஷன் நாற்காலியில் சாய்ந்து முகட்டைப் பார்ப்பார். நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

திருத்தம் செய்யாமலும் இல்லை. மெமரி கூட்டினார், கிராபிக்ஸ் காட் மாற்றினார். கடற்காற்றுக்குக் கேசிங் துருப்பிடித்தது. சூடேறுகிறதென்று பக்க மூடியைக் கழற்றி, எனக்கென்று வாங்கிய மேசை ஃபானை அதற்கு முன்னால் வைத்தார். நான் குசினியில் வியர்த்து வடிந்தேன்.

ஆனாலும் புதிது வாங்க விடாதவள் நான்தான். எண்பத்து மூன்று கலவரத்தில் எனக்குப் பதினெட்டு வயது. கொட்டாஞ்சேனை வீட்டில், அம்மா வாங்கி இரண்டே மாதமான தையல் மெஷினை விட்டுவிட்டு ஓடினோம். அதற்குப் பிறகு கொழும்பில் நான் பெரிய சாமான் எதையும் மனம் வைத்து வாங்கியதில்லை. வாங்கியதற்கெல்லாம் வந்த பெட்டியை எறியவும் இல்லை. டிவிப் பெட்டி, ஃபான் பெட்டி, கொம்பியூட்டர் பெட்டி எல்லாம் அலுமாரிக்கு மேலே முகடு முட்ட அடுக்கியிருக்கும். வெளிக்கிடு என்றால் ஒரு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுவேன்.

2007 தொடக்கத்தில் கொம்பியூட்டர் கடை பௌஸி நானா கையை விரித்துவிட்டார். “இதுக்கு இனி ஒண்டும் செய்ய ஏலா சேர். இந்த மதர்போட்டுக்குப் போடுற காட் இப்ப வாறதே இல்ல. புதுசொண்டு எடுங்க.”

“இருக்கிற ஃப்ளாட்டே வாடகை. நாளைக்கு எங்கை நிப்பமெண்டு தெரியாது. புதுசு என்னத்துக்கு?” என்றேன் நான். இவர் எங்கேயோ தேடிப் பழைய மெமரி ஒன்றை வாங்கிவந்து செருகினார். விமானம் அதே இடத்தில் நின்றது.

அந்த வருடம் புலிகளின் உண்மையான விமானங்களே இரவில் வந்து குண்டு போட்டன. கொழும்பு முழுக்க வெளிச்சத்தை அணைத்துவிட்டு வானத்தைப் பார்த்தது. தமிழன் ஒருவன் வீட்டில் இருந்து இரத்மலானையில் விமானம் இறக்கிப் பழகுகிறான் என்றால் யார் கேம் என்று நம்புவார்கள்?

“இஞ்சேருங்கோ, லண்டனிலை இறக்குங்கோவன். இரத்மலானையை விடுங்கோ” என்று கெஞ்சினேன்.

“லண்டனுக்கு உந்த மெமரி காணாது” என்றார்.

நான் பயந்தது நடந்தது. ஒரு ஞாயிறு காலை ஆறரைக்குச் சோதனைக்கு வந்துவிட்டார்கள். இளம் பொலிஸ் அதிகாரி ஒருவர், கூட இரண்டு ஆமிக்காரர். அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவையும் பார்த்தபின், அதிகாரி திறந்த கேசிங்கின் முன்னால் நின்றார். “மே மொகக்த?” இது என்ன என்று.

“கேம் எகக் சேர்” என்றார் இவர். போட்டுக் காட்டச் சொன்னார்கள். இவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. அதே கடல், அதே ஓடுபாதை. படம் வழக்கம்போல நின்றது. ஏழு வருடமாக இப்படித்தான், இறக்க முடியவில்லை என்று சிங்களத்தில் உள்ளதைச் சொன்னார். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். “பஹின்ன பே நே!” இறங்க ஏலாதாம். ஆமிக்காரரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏழு வருடமாக நான் சிரித்ததும் இதே சிரிப்புத்தானே என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

போகிற போக்கில் அதிகாரி அலுமாரிக்கு மேலே பார்த்தார். சிரிப்பு நின்றது. பெட்டிகளைக் காட்டி என்னிடம் கேட்டார்: “கொஹெத யன்னே?”

எங்கே போகிறீர்கள் என்று. “கொஹேவத் நே சேர்” என்றேன். எங்கேயும் இல்லை. வேறென்ன சொல்வது? பெட்டிகளை இறக்கித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கதவைச் சாத்தியதும் பயம் போய் எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேல் அல்ல, என் மேல். உண்மையிலே எங்கே போகப்போகிறோம்? யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடக்கிறது. லண்டனுக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. இருபத்து நாலு வருடமாகப் பெட்டியை அடுக்கிவைத்துக்கொண்டு, ஒரு மனுஷனைத் தரையிறங்க விடாமல் வைத்திருந்திருக்கிறேன்.

அடுத்த நாள் அவர் வேலையால் வரும்வரை பஸ் நிறுத்தத்தில் காத்து நின்று, நேரே பௌஸி நானாவிடம் கூட்டிப்போனேன். “உமக்கு என்ன பிடிச்சிருக்கு?” என்றார் இவர்.

“கதையாமல் வாங்கோ. புதுசு எடுக்கிறம்.”

பௌஸி நானா படிவத்தை எடுத்து என்னைப் பார்த்தார். “வொறண்டி ஒரு வருஷமும் ஈக்கி, மூண்டு வருஷமும் ஈக்கி. உங்கட ஆக்கள் ஒரு வருஷம்தான் எடுக்கிற. இங்க ஈப்பாங்களோ தெரியாண்டு.”

“மூண்டு போடுங்கோ நானா” என்றேன்.

அந்த ஞாயிறு, முதல் இரண்டு தரமும் விமானத்தைக் கடலில் விழுத்தினார். மூன்றாம் தரம் சக்கரம் ஓடுபாதையில் முட்டி, குலுங்கி, ஓடி நின்றது. அவருடைய கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். தேத்தண்ணியை எடுக்கத் திரும்பியவர் அலுமாரியைப் பார்த்துத் திகைத்தார்.

“பெட்டியள் எங்கை?”

“எல்லாத்தையும் பழைய பேப்பர்காரனுக்குக் குடுத்திட்டன். புதுசின்ரையையும்.”

“அப்ப, போறதெண்டால்?”

“ஆர் போறது? நான் போகேல்லை.”

அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார்.