சாயங்கால ஆராதனையும் ஒரு சிக்னல்மேனும்

1. மணி

என் ஊழியத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய கூட்டம், யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து வந்த கூட்டம்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிது. நான் அங்கே ஒரு பெரிய கிறிஸ்தவக் கோயிலில் உபதேசியார். ஐயருக்கு, அதாவது எங்கள் பாதிரியாருக்கு, அடுத்த நிலை என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். ஐயர் செய்ய விரும்பாத வேலையெல்லாம் உபதேசியாருடையது என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

சாயர்புரம் பக்கத்திலிருந்தும் தேரிக்காட்டு ஊர்களிலிருந்தும் ஜனங்கள் ஹார்பர் வேலைக்கும் உப்பள வேலைக்கும் வந்து குடியேறிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு காலையில் அவர்களில் பாதிப் பேருக்கு ஷிப்ட். மீதிப் பேர் கோயிலுக்கு வந்தால் உட்கார இடம் இருக்காது. எந்த பெஞ்சு எந்தக் குடும்பத்துக்கு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் தவறி உட்கார்ந்தவரை எழுப்பிவிடுகிற பார்வை ஒன்று எங்கள் சபையில் பலருக்கும் கைவந்திருந்தது.

மாற்றலாகி வந்த புது ஐயர் இதைக் கவனித்தார். "உபதேசியாரே, இவங்களுக்குன்னு சாயங்காலம் ஒரு ஆராதனை ஆரம்பிப்போம். நீங்க பாத்துக்கிடுங்க" என்றார். நீங்க பாத்துக்கிடுங்க என்பது என்னைக் கடைசிவரை துரத்திய வார்த்தை.

கமிட்டி செக்ரட்டரி ஜெபமணி அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி நடத்துகிறவர். டாலி கிளார்க்காகச் சேர்ந்து, வெயிலில் நின்று மூட்டைக் கணக்கு எழுதி மேலே வந்த மனிதர்.

"ஒரே கோயில்ல எதுக்குவே ரெண்டு சபை? அவுகளும் காலையிலயே வரட்டும். எடமில்லன்னா நிக்கட்டும்" என்றார். ஐயர் கெஞ்சிய பிறகு கொஞ்சம் இறங்கினார். "சரி, அறுப்பின் பண்டிகை வரைக்கும் நடத்துங்க. அதுக்குள்ள ஒரு சபையா நின்னாப் பாப்போம். வெறுங் கும்பலா இருந்தாக் கதவ அடைச்சிருவேன்."

முதல் ஞாயிறு மாலை நான் ஹார்பர் குடியிருப்பில் வீடு வீடாக ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஐயர் கோயில் மணியை அடிக்கச் சொல்லிவிட்டார். எங்கள் கோயிலில் மணி என்றால் காலை ஆராதனைக்கு மட்டும். மற்ற நேரத்தில் மணி கேட்டால் சபையில் ஒரு ஆள் குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஐயர் ஊருக்குப் புதுசு, அவருக்குத் தெரியாது. மணி அடிக்கிற கோயில்பிள்ளைக்குத் தெரியும். ஆனால் அவர் ஐயர் சொன்னதை ஏனென்று கேட்கிறவர் இல்லை.

நான் வந்து பார்த்தால் கோயில் நிறைந்திருக்கிறது. எல்லாரும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள். ஒருவர் கையில் மாலைகூட இருந்தது. முதல் பெஞ்சுக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பல மாதமாகப் படுக்கையில் கிடந்தார். அவர்தான் என்று பாதிப் பேர் முடிவே கட்டிவிட்டார்கள். அந்தப் பெரியவரே மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"யாருலே போயிட்டா?" என்று கேட்டார்.

மாலை கொண்டுவந்தவர் அதை மெதுவாக பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். ஐயர் மட்டும் என் காதருகே குனிந்து, "ஜனங்களுக்கு எவ்வளவு தாகம் பாத்தீங்களா உபதேசியாரே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் உண்மையைச் சொல்லி அதைக் கெடுக்கவில்லை.

2. கை

அடுத்த வாரம் மணி இல்லை, கூட்டமும் இல்லை. வந்தவர்கள் ஹார்பர்க்காரர்கள் சிலரும் உப்பளத்துப் பெண்கள் சிலரும்தான். அந்தப் பெண்களில் எஸ்தர் என்று ஒருத்தி நேராக முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபின் பெஞ்சைத் தடவிப் பார்த்தாள்.

"காலையில வந்தா எனக்குச் செருப்புக் கெடக்குற எடம்தான் உபதேசியாரே. பீடத்த நான் இவ்வளவு கிட்டத்துல பாத்ததே இல்ல. இத மட்டும் நிப்பாட்டிராதிய" என்றாள். இந்த ஆராதனை நிலைக்க வேண்டும் என்ற வெறி எனக்கு வந்தது அன்றுதான்.

பாட்டுத்தான் தலைவலி. ஆர்மோனியம் வாசிக்கிறவர் மாலையில் வர மறுத்துவிட்டார். வந்தவர்கள் ஆளுக்கொரு ஊர். கீர்த்தனை ஒன்றுதான், ராகம் ஊருக்கு ஊர் வேறு. ஒரு பக்கம் சரணம் போகும், இன்னொரு பக்கம் பல்லவி திரும்பிவரும். முன்னால் நின்று நான் கத்திப் பார்த்தேன். என் குரலும் இன்னொரு ஊர் ராகமாகச் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

ஹார்பரில் சிக்னல்மேனாக இருந்த ஞானமுத்து அதைப் பொறுக்கவில்லை. கப்பலின் மேல்தளத்தில் ஹேச் என்கிற சரக்குக் குழியின் விளிம்பில் நிற்பது அவர் வேலை. சரக்கைத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாது, சிக்னல்மேன் கையை மட்டும் பார்த்து ஓட்டுவார். விரலை மேலே சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்கு. கையை மூடினால் நிறுத்து.

ஞானமுத்து எழுந்து பீடத்துக்குப் பக்கத்தில் நின்றார். விரலைச் சுழற்றினார், குரல்கள் ஏறின. கையைத் தாழ்த்தினார், இறங்கின. கையை மூடினார். அத்தனை பேரும் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். ஹார்பர்க்காரர்களுக்கு அது பழகிய கை. உப்பளப் பெண்கள் அவர்களைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வாரா வாரம் ஆள் கூடியது. பெஞ்சுகள் பாதிக்கு மேல் நிறைந்தன.

3. பார்வை

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு ஜெபமணி அண்ணாச்சி நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். ஞானமுத்துவைத் தனியே கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் கையக் காட்டாதிய. கோயிலுக்குள்ள கப்பல் வேல நடக்குதுன்னு செக்ரட்டரி எகிறிருவாரு."

"சரி, சும்மா இருக்கேன்" என்று ஞானமுத்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

செக்ரட்டரி வந்தபோது அவர் குடும்பத்து பெஞ்சில் எஸ்தரும் கூட்டாளிகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் பிரசித்தமான அந்தப் பார்வையைப் பார்த்தார். எஸ்தர் அதைச் சிநேகமாக எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சிரித்தாள். அவர் பின்னால் போய் வாசலோரம் உட்கார்ந்தார்.

முதல் கீர்த்தனையிலேயே மானம் போயிற்று. எல்லா ஊரும் அவரவர் வழியில் கிளம்பின. பல்லவி சுற்றிச் சுற்றி வந்தது, எப்படி முடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. செக்ரட்டரி என்னைப் பார்த்த பார்வையில் கதவு ஏற்கெனவே அடைபட்டிருந்தது.

எஸ்தர் எழுந்து ஞானமுத்து பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, கைய எடுங்க. பாட்டு அந்தரத்துல தொங்குது" என்றாள்.

ஞானமுத்து என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் எழுந்து கையை மூடினார், கோயிலே அமைதியாகிவிட்டது. பிறகு விரலைச் சுழற்றினார். அன்று பாடிய மாதிரி அவர்கள் அதற்கு முன் பாடியதில்லை. வாசல் பக்கமிருந்து ஒரு கட்டைக் குரல் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தால் செக்ரட்டரி எழுந்து நிற்கிறார், கண் ஞானமுத்துவின் விரலில் இருக்கிறது.

தெம்பு வந்துவிட்டது எனக்கு. இனி பிரசங்கத்தால் அவரை மடக்கிவிடுவோம் என்று யோசேப்பின் கதையை எடுத்தேன். யோசேப்புக்கு முன்னால் யாக்கோபு, யாக்கோபுக்கு முன்னால் ஈசாக்கு என்று எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினேன். ஒருவழியாக அண்ணன்மார் கையால் யோசேப்பைக் குழிக்குள் போட்ட நேரத்தில் வெளியே லாரி ஆரன் அடித்தது. இரவு ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற லாரி. ஞானமுத்து எழுந்து என்னை நோக்கிக் கையை மூடினார். நான் பார்க்காதவன்போல் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அதற்குள் சபை முழுக்க ஆராதனையை முடிக்கிற ஆசீர்வாதத்துக்கு எழுந்து நின்றுவிட்டது. எனக்கு முகம் சுண்டிப்போனது. இறங்கி வந்து ஆசீர்வாதம் சொன்னேன்.

வெளியே செக்ரட்டரி காத்திருந்தார். "வே, பிரசங்கத்துல கையக் காட்டுனது யாரு?"

"ஷிப்டுக்கு நேரமாயிட்டு அண்ணாச்சி. அவர மன்னிச்சிருங்க."

"அவர எதுக்குவே மன்னிக்கணும்? அந்தக் கை மூடினா கப்பலே நிக்கும். நீரு அதுக்கப்புறமும் பேசுதீரே."

சொல்லிவிட்டு வாசற்படியில் நின்று, லாரியில் ஏறுகிறவர்களைப் பார்த்தார். பெண்கள் சோற்றுத் தூக்கை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "கும்பலுக்கு ஒரு கைக்கு நிக்கத் தெரியாது" என்றார். அந்த வாரக் கமிட்டியில் சாயங்கால ஆராதனை தொடரலாம் என்று அவரே முன்மொழிந்தார்.

அடுத்த ஞாயிறு நான் உள்ளே நுழையும்போதே எஸ்தர் பிடித்துக்கொண்டாள். "யோசேப்பக் குழிக்குள்ளயே விட்டுட்டுப் போயிட்டியளே. இந்த வாரம் சுருக்கா மேல தூக்கிருங்க, மீதியக் கேக்கணும்னுதான் எல்லாரும் வந்திருக்கோம்."

புதிதாக ஊழியத்துக்கு வருகிற தம்பிமார் சபை கட்டுவது எப்படி என்று என்னிடம் கேட்பதுண்டு. ஆள் கூப்பிடுவது, விளக்குப் போடுவது, பெஞ்சைத் துடைப்பது வரைக்கும்தான் நம் கையில் இருக்கிறது. ஜனங்களுக்கு நம்மை உட்காரச் சொல்கிற துணிச்சல் வரும்வரை அது நாம் கூட்டிய கூட்டம். வந்த பிறகு அது அவர்களுடைய சபை, நாம் அதில் ஒரு ஆள். அன்றைக்கு முகம் சுண்டத்தான் செய்யும். சுண்டட்டும் என்று உட்கார்ந்துவிடுங்கள்.