ஒரு ‘2’ சேர்க்கப் பட்ட பாடு

போன வாரம் ஒரு கல்யாண மேடையில் என் மச்சான் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஆனால்... அவரையும் குறை சொல்ல முடியாது.

மச்சானுக்குக் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வியாபாரம். வெளியூர் பார்சல்களில் ஒட்டும் சீட்டை – கடைப் பெயர், முகவரி, போன் நம்பர், அவ்வளவுதான் – அச்சடிக்க ஒரு சின்ன புரோகிராம் வைத்திருந்தார். எழுதிக் கொடுத்தவர் பக்கத்துத் தெரு இன்ஜினீயர் முருகேசன்.

‘சி’ என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தார். ஒரு சீட்டுக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?

“ஸ்பீடா ஓடும் அண்ணாச்சி!”

ஓடியது. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். அப்புறம் அந்தப் பழைய பிரிண்டர் கீச் கீச்சென்று ஆற அமர அடிக்கும்!

இப்போது ஊரில் எல்லா லேண்ட்லைன் போன் நம்பருக்கும் முன்னால் ஒரு ‘2’ சேர்த்துவிட்டார்கள். தீபாவளி ஆர்டர் நேரம். பழைய நம்பரோடு பார்சல் போனால், அடுத்த ஆர்டருக்குக் கடைக்காரர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள்?

மச்சான் புரோகிராம் ஃபைலையே நோட்பேடில் திறந்து பார்த்தார். திரை முழுக்கக் கிறுக்கல். நடுவில் அவர் நம்பர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. முன்னால் ஒரு ‘2’ தட்டிச் சேமித்தார்.

புரோகிராம் செத்தே போனது.

முருகேசனுக்கோ அன்றைக்குத்தான் பக்கத்து ஊரான இடைசெவலில் கல்யாணம். எங்களுக்கும் அழைப்பு உண்டு. வரிசையில் நின்று மேடையேறிய மச்சான், மொய்க்கவரோடு மாப்பிள்ளை காதில் குனிந்தார்.

“தம்பி, நல்லாயிரு. நம்ம புரோகிராம் படுத்துட்டு. ஒரு ‘2’ சேக்கணும், அவ்ளதான்.”

கல்யாண மாலைக்கு மேலே முருகேசன் முகம் வெளிறியது. “அப்படி நேரா சேக்க முடியாது அண்ணாச்சி. நான் எழுதுன ஒரிஜினல்ல திருத்தி, மறுபடி கம்பைல் பண்ணணும், அதாவது மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்தணும். அது... என் கம்ப்யூட்டர ஃபார்மட் பண்ணும்போது போயிட்டு. முழுசாத் திரும்ப எழுதணும்.”

“ஒரு நம்பருக்கா?”

நான் மச்சானின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பின்னால் கூட்டம் முனகியது. வீடியோக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார்!

கல்யாணப் பெண் மெல்ல நிமிர்ந்தார். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராம்.

“அண்ணாச்சி, அட்ரஸ நோட்பேட்ல அடிச்சி வச்சிக்கிடுங்க. ரெண்டு வரி பேட்ச் ஃபைல் எழுதினா எத்தன காப்பியும் எடுக்கலாம். நம்பர் மாறுனா நீங்களே திருத்திக்கிடலாம்.” பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “இதுக்குப் போயி ‘சி’ எழுதுனீங்களா?”

“ஸ்பீடா...” என்று ஆரம்பித்த முருகேசன், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

மச்சான் என்னை இழுத்துக்கொண்டு ஊருக்கு ஓடினார். அந்த இரண்டு வரி என்னவென்று கேட்டு வைத்துக்கொண்டதால் சாயங்காலமே சீட்டு ரெடி. பார்சலும் கிளம்பியது.

எல்லாம் சரி. பிரிண்டருக்குக்கூடத் தேவைப்படாத வேகத்துக்காக, பந்தியில் உட்காராமலே திரும்பி வந்தோமே... அந்தக் கல்யாணச் சாப்பாட்டை எனக்கு யார் கம்பைல் பண்ணித் தருவார்?