மூன்றாவது டேங்க் உறையவில்லை

சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு தயிர்த் தொழிற்சாலையின் லேபில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். மறக்கவே முடியாத காலை என்றால், அந்த வாரத்தில் இரண்டாவது முறையாக மூன்றாவது டேங்க் உறையாமல் போன காலைதான்.

கல்ச்சர், அதாவது உறை ஊற்றும் பாக்டீரியா, சேர்த்து ஆறு மணி நேரத்தில், புளிப்பை அளக்கும் பிஎச் 4.6-க்கு இறங்க வேண்டும். மீட்டர் 6.3-ஐத் தாண்டி இறங்கவில்லை. மூடியைத் திறந்தால் பால் பாலாகவே இருந்தது.

மேனேஜர் ராஜேந்திரன், டேங்க் கழுவும் முருகேசனைக் கூப்பிட்டார். முருகேசன் புதுக்கோட்டையிலிருந்து ஒர்க் பெர்மிட்டில் வந்தவர்.

"என்ன லா இது? கெமிக்கல் போட்டுட்டு சரியா தண்ணி விடல. அதான் கல்ச்சர் செத்துப் போச்சு. பெர்மிட் கேன்சல் பண்ணிடுவேன்."

"ரெண்டு தடவ தண்ணி விட்டேன் சார். டெஸ்ட் பேப்பர் வச்சுக்கூட பாத்தேன்" என்றார் முருகேசன்.

"சார், ரெண்டு நாள் குடுங்க. சாம்பிள் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

உறையாத பாலின் நீரை, பாக்டீரியா புகமுடியாத ஃபில்டரில் வடிகட்டினேன். எங்கள் கல்ச்சர் பரப்பிய தட்டில் அதை அப்படியேயும், பல மடங்கு நீர்க்கச் செய்தும் சொட்டு சொட்டாக வைத்தேன். மறுநாள் நீர்க்காத சொட்டு விழுந்த இடம் வெறுமையாக இருந்தது. கெமிக்கலாக இருந்தால் நீர்க்க நீர்க்க வீரியம் போய்விடும். இதுவோ லட்சம் மடங்கு நீர்த்த பிறகும் சின்னச் சின்ன வட்டங்களாகப் பாக்டீரியாவைத் தின்றிருந்தது. ஃபேஜ்! பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்.

தட்டைப் பார்த்த ராஜேந்திரன் நேராகக் கீழே போய், எல்லாருக்கும் முன்னால், "முருகேசா, ஒம் மேல தப்பில்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

கதை அதோடு முடியவில்லை. தட்டைக் குப்பைப் பையில் போடப் போனபோது, செத்த வட்டம் ஒன்றின் நடுவே கடுகளவு கூட இல்லாத மூன்று வெள்ளைப் புள்ளிகளைக் கண்டேன். தப்பிப் பிழைத்தவை. அவற்றை வளர்த்து, அதே வைரஸோடு பாலில் விட்டேன். பால் கெட்டியாக உறைந்தது.

அவற்றின் டிஎன்ஏவையும் அந்த வைரஸின் டிஎன்ஏவையும் படிக்க வெளி லேபுக்கு அனுப்பினேன். ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தேன். பாக்டீரியாவின் டிஎன்ஏவில் வரிசையாகச் சிறு துண்டுகள் இருந்தன. வரிசையின் முனையில் புதிதாக ஒன்று. எழுத்துக்கு எழுத்து எங்கள் வைரஸின் துண்டு! தாக்க வந்ததிலிருந்தே வெட்டி எடுத்து வைத்திருக்கிறது. அதே வைரஸ் மறுபடி நுழைந்தால், துண்டோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டு அறுத்துவிடும்.

முருகேசனிடம் சொன்னேன்.

"அப்ப பழைய துண்டெல்லாம் என்னக்கா?"

"பல துண்டு, இதோட முன்னோருங்கள முன்னாடி தாக்குன வைரஸோடதுதான். பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டே வந்திருக்கு."

"கண்ணு இல்ல, மூள இல்ல... இம்புட்டு ஞாபகமா!" என்று அவர் தட்டைக் கையில் வாங்காமல் குனிந்து பார்த்தார்.

அந்த மூன்று புள்ளிகளின் வாரிசுகள் உறைய வைத்த தயிரை, தேக்கா மார்க்கெட்டில் வாங்கி எத்தனையோ பேர் ஒன்றும் தெரியாமல் சோற்றில் பிசைந்து சாப்பிட்டிருப்பார்கள்.

லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யார்மேல் தப்பு என்று கேட்கும் முன் சாம்பிளைக் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகும் இன்னொரு முறை பாருங்கள்.