எருமையிடம் மன்னிப்பு

நடவு முடிந்த மறுநாள் காலையில் எருமையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். யசோதோன் மாகாணத்துக் கிராமங்களில் இது தவறாது. வருஷம் முழுக்க அடித்துவிட்டு ஒருநாள் மன்னிப்புக் கேட்பது மனிதனுக்கு வசதியான ஏற்பாடுதான்.

புவாலிக்கு முப்பது வயது நெருங்குகிறது. மூன்று பெண்களில் கடைசி. அக்காள் இருவரும் குடும்பத்தோடு தனியே போய்விட்டார்கள். கடைசி மகள் வீட்டோடு இருந்து பெற்றவர்களைப் பார்க்க வேண்டும்; வீடும் வயலும் அவளுக்கே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒருத்தியின் காலைக் கட்டிப்போட இதைவிட மரியாதையான வழி கிடையாது. கடலோர ஊரான ரயோங்கில் மீன் டப்பா தொழிற்சாலைக்குப் போகிறேன் என்று அவள் கேட்டபோது, "அறுப்பு முடியட்டும்" என்றார் அப்பா கம்பான். அப்புறம், "நடவு முடியட்டும்" என்றார். நடவும் முடிந்துவிட்டது. சிநேகிதி பிக்குல் போகும் பிக்கப் வண்டி இன்று காலை இந்தத் தெரு வழியாகத்தான் வருகிறது. புவாலியின் பை நெற்குதிருக்குப் பின்னால் தயாராக இருந்தது.

வேகவைத்த முட்டை, ஒட்டரிசிச் சோறு, கொஞ்சம் சாராயம், பூ எல்லாம் வைத்து அப்பா, கேவ் என்ற எருமையின் முன்னால் குந்தியிருந்தார்.

"அடிச்சேன், கண்டபடி திட்டினேன், வயித்துக்காகச் செஞ்சேன்டா. மனசுல வச்சுக்காத. உன் உயிரு காடு மேடுன்னு அலைய வேணாம். எங்கயும் போகாத, வீட்டோடயே இரு."

அவர் கண் கலங்கியது. கயிற்றைப் பிடித்திருந்த புவாலிக்கு எருமை மேல் பொறாமை வந்தது. அதே சேற்றில் அவளும்தான் குனிந்து நின்றாள்.

"அப்பா, நான் இன்னைக்கு பிக்குலோட கெளம்புறேன்."

உயிர் விலகிப் போகாமல் இருக்கக் கட்டும் வெள்ளை நூலை அவர் கேவின் கொம்பில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "இவனுக்கு இன்னைலேர்ந்து ஓய்வு. வீட்டுக்குப் பின்னால இருக்கற மேட்டுக்கு ஓட்டிட்டுப் போயி அவுத்து விடு. அப்புறம் பேசிக்கலாம்."

தெருமுனையில் ஹாரன் கேட்டது. மேடு வரை போக நேரமில்லை. புவாலி கயிற்றை அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"என்னடி, கல்யாணப் பொண்ணு மாதிரி அசைஞ்சு வர்ற, ஏறு" என்று பிக்குல் கை நீட்டினாள். புவாலி பையை உள்ளே வைத்து ஒரு காலையும் தூக்கி வைத்தாள்.

"புள்ள, வயல்ல எறங்கிட்டான்" என்று அப்பாவின் குரல் வந்தது.

நேற்று நட்ட நாற்றைக் கேவ் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. அப்பா முட்டிவலியோடு வரப்பில் தடுமாறினார். அவர் கூப்பிட்டால் கேவ் திரும்பிக்கூடப் பார்க்காது. புவாலியின் குரலுக்குத்தான் நிற்கும். அவள் நகக்கண்ணில் நடவுச் சேறு இன்னும் போகவில்லை.

"ஒரு நிமிஷம் இருடி" என்று இறங்கி ஓடினாள்.

அவள் கேவைக் கட்டி வரப்பேற்றும்போது வண்டி புறப்பட்டுவிட்டது. நிறுத்தச் சொல்லி பிக்குல் கத்தியும் டிரைவர் கேட்கவில்லை. பையும் வண்டியோடு போய்விட்டது.

"நல்லவேளை நீ இருந்த புள்ள. நீ இல்லன்னா இந்த வருஷச் சோறே போயிருக்கும்" என்றார் அப்பா.

இப்படி ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனையோ வருஷம் ஏங்கியிருக்கிறாள். அது இன்றைக்குத்தானா வர வேண்டும்?

அப்பா மீந்த நூலை மடியிலிருந்து எடுத்து அவள் மணிக்கட்டில் கட்டினார். "எங்கயும் போகாத, வீட்டோடயே இரு" என்று அதே குரலில் முணுமுணுத்தார்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மற்றக் கையில் எருமையின் கயிறு இருந்தது.