வார ஓய்வில் இருப்பவரின் கணவர்

என் மனைவிக்குப் புதன்கிழமை வார ஓய்வு. காவல் நிலையத்துச் சுவரில் மாட்டியிருந்த பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. புதன்கிழமைகளில் மற்ற நாள்களைவிடச் சீக்கிரமாகவே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். மற்றவர்களுக்கு ஏற்கெனவே ஏதாவது ஒரு வேலை கொடுத்திருப்பார்கள். ஓய்வில் இருப்பவர்கள்தான் சும்மா இருப்பவர்கள். அதனால் பந்தோபஸ்துக்கு முதலில் அவர்களைத்தான் அனுப்புவார்கள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறை சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அது எங்கள் வீட்டில் தீர்ந்துபோய் வெகுநாள் ஆகிறது.

அவள் ஏட்டு. கெங்கவல்லிப் பக்கத்துப் பெண். நான் சேந்தமங்கலத்துக்காரன். மாநகரத்துப் போலீஸ் குடியிருப்பில் அவள் பெயரில் ஒதுக்கிய வீட்டில், அவள் தயவில் குடியிருக்கிறேன். தொழில் ஜவ்வரிசித் தரகு. ஆட்டையாம்பட்டிப் பக்கத்து ஆலைகளிலிருந்து வடக்கே லோடு ஏற்றிவிடுவேன். மூட்டைகள் ஆலையிலேயே அடுக்கிக் கிடக்கும்போது, "லோடு கிளம்பிருச்சுங்க, டோல்கேட் தாண்டிருச்சுங்க" என்று குரல் நடுங்காமல் சொல்வதுதான் இந்தத் தொழிலின் மூலதனம். ஊரில் என்னைப் போலீஸ் வீட்டுக்காரர் என்று கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். குடியிருப்பில் நான் ஏட்டம்மா வீட்டுக்காரர். எனக்கென்று ஒரு பெயர் இருப்பது மின்சார வாரியத்துக்குக்கூடத் தெரியாது.

முன்பெல்லாம் ஓய்வு நாளில் வேலை பார்த்தால் அதற்கென்று ஒரு தொகை தந்தார்கள். மிகைநேர ஊதியம் என்று பெயர். பெரிய தொகை இல்லை. ஆனால் வந்தது. பிறகு மேலே யாரோ ஒருவர் கணக்கைப் புரட்டிப் பார்த்து, இந்த மாநகரம் மட்டும் ஏன் வருடத்துக்கு ஒதுக்கியதைப் பாதி வருடத்திலேயே தின்று தீர்க்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதிலும் சுலபமானது: ஆள் இல்லை. நிலையத்துக்கு அனுமதித்த இடங்களில் பாதிதான் நிரம்பியிருந்தது. நிரம்பிய பாதியிலும் பலர் "வேறு பணி" என்று வெளியே இருந்தார்கள். ஒருவர் அதிகாரி வீட்டுக் காரை ஓட்டினார். ஒருவர் அலுவலகத்தில் தபால் பிரித்தார். ஒருவர் பெரிய அதிகாரியின் பங்களாவில் நாய் பார்த்துக்கொண்டார். சம்பளப் பட்டியலில் எல்லோரும் எங்கள் நிலையத்தில்தான் இருந்தார்கள். இந்தப் பதிலை யாரும் எழுதி அனுப்ப முடியாது. எழுதினால் அதைப் படிக்கப்போகிறவருடைய வீட்டு நாயும் அதில் வந்துவிடும்.

எனவே உத்தரவு வந்தது. இனிக் காசு கிடையாது, ஓய்வையே கொடுத்துவிடுங்கள். அருமையான உத்தரவு. நானே கைதட்டினேன். அது நடக்கிறதா என்று பார்க்க ஒரு கண்காணிப்புப் பிரிவையும் வைத்தார்கள். ஓய்வில் இருப்பவர்களின் வீட்டுக்கு அந்தப் பிரிவிலிருந்து திடீரென்று போன் செய்து, ஆள் வீட்டில்தான் இருக்கிறாரா என்று கேட்பார்கள்.

அந்த வாரமே நிலைய ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். திருச்செங்கோட்டுப் பக்கத்து மனிதர். குரலை உயர்த்தமாட்டார்.

"ஏனுங்க சார், போன் வந்துச்சுன்னா ஊட்டுலதான் இருக்காங்கன்னு சொல்லிப்போடுங்க. தூங்கறாங்கன்னு சொன்னாப் போதும். நீங்க யாவாரி. உங்களுக்கு நான் சொல்லித் தரோணுமா?"

கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் ஓய்வு கிடையாது. அவருடைய மனைவிக்கும் இதே பாடத்தைத்தான் நடத்தியிருந்தார். அந்த அம்மாளுக்குப் பொய் சரியாக வரவில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

எனக்கு வந்தது. வீட்டில் பழைய போன் ஒன்று கிடந்தது. அந்த எண்ணைத்தான் நிலையத்தில் கொடுத்திருந்தாள். முதல் புதன்கிழமை அதில் ஒரு இளம் பெண்ணின் குரல் வந்தது. மேடம் இருக்கிறார்களா என்று கேட்டது. தூங்குகிறார்கள் என்றேன். அடுத்த வாரம் குளிக்கிறார்கள் என்றேன். வாராவாரம் தூங்கினாலும் குளித்தாலும் சந்தேகம் வரும் என்று, மெல்ல மெல்ல அவளை வெளியே அனுப்பத் தொடங்கினேன். தையற்கடைக்குப் போனாள். கோயிலுக்குப் போனாள். கொல்லிமலைக்குப் போய் அருவியில் குளித்துவிட்டு, அன்னாசிப் பழம் வாங்கிக்கொண்டு திரும்பினாள். ஓய்வு திருப்தியாக இருந்ததா என்று அந்தக் குரல் கடைசியில் தவறாமல் கேட்கும். ரொம்பத் திருப்திங்க என்பேன். குரல் நன்றி சொல்லும். அந்த நேரத்தில் என் மனைவி பேருந்து நிலைய முக்கில் கூட்டத்தை மறிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது, அன்று அவள் என்னென்ன செய்தாள் என்று நான் விவரம் சொல்வேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தாய், மத்தியானம் நன்றாகத் தூங்கினாய் என்று. முதலில் சிரித்தாள். கொல்லிமலைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் அதுவும் கேட்கவில்லை. நான் சொல்வதையும் நிறுத்தினேன். டிவி ஓடும். நாங்கள் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்போம். என்ன ஓடுகிறது என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது.

அவளுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது. நின்று நின்று வந்தது. கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தது. ஷூ அதிலேயே உரசியது. டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, வாரத்தில் ஒரு முழு நாளாவது காலை உயரத் தூக்கி வைத்துப் படுத்தே ஆக வேண்டும் என்றார். இல்லாவிட்டால் புண் ஆழமாகப் போகும். கத்தி வைத்தாலும் அதன் பிறகு நின்று பார்க்கிற வேலை முடியாது என்றார். நின்று பார்க்காத வேலை போலீஸில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள். நாய் பார்க்கலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. டாக்டர் மட்டும் ஒன்றும் புரியாமல் சிரித்தார்.

போனில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. சொன்னால் ஆய்வாளருக்கு மெமோ வரும். இவளை எங்காவது தூரத்து நிலையத்துக்குத் தூக்கிப் போடுவார்கள். அங்கேயும் பலகை இருக்கும், அதில் ஒரு கிழமை எழுதியிருக்கும். எனவே அடுத்த வாரம் அவளை மறுபடி தையற்கடைக்கே அனுப்பினேன்.

ஒரு நாள் காலையில் ரோல் கால் நேரத்தில் அவள் நொண்டுவதை ஆய்வாளர் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாராம்.

"நாளைக்குப் புதன். வராதீங்கம்மா. நெசமாலுமே வராதீங்க."

அந்த "நெசமாலுமே" இல்லாவிட்டால் அவள் போயிருப்பாள்.

புதன்கிழமை காலை காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்துப் படுத்தாள். படுத்தவுடன் தூங்கிப்போனாள். நான் பழைய போனைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, ஆட்டையாம்பட்டிக்கு லோடு பார்க்கப் போனேன். வீட்டில் ஆள் இருக்கும்போது பொய் சொல்ல நான் எதற்கு என்ற நினைப்பு.

போன் வந்திருக்கிறது. அவள் தூக்கத்திலேயே எடுத்திருக்கிறாள். குரல் கேட்ட முதல் கேள்வி, மேடம் எங்கே இருக்கிறீர்கள் என்பது.

போலீஸ்காரர்களோடு குடித்தனம் செய்தவர்களுக்கு இது தெரியும். மேலிருந்து ஒருவர் போனில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், அவர்கள் எவரும் வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னதே கிடையாது. சோற்றில் கை வைத்திருந்தாலும் வாய் அதுவாகச் சொல்லிவிடும்.

"ஸ்பாட்லதான் இருக்கேங்கம்மா," என்றாள் என் மனைவி.

இன்றைக்கு உங்களுக்கு ஓய்வு இல்லையா என்று குரல் மறுபடி கேட்டிருக்கிறது. ஓய்வெல்லாம் ஒன்றும் இல்லை, பாயிண்டிலேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் வந்ததும், இப்படி ஒரு கனவு வந்தது என்று சொன்னாள். போனை எடுத்துப் பார்த்தேன். அழைப்பு இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்து இருமலில் போய் முடிந்தது. அவளும் சிரித்தாள். பிறகு இருவரும் சேர்ந்தாற்போல நிறுத்திக்கொண்டோம்.

இரண்டு நாளில் ஆய்வாளர் வீட்டுக்கே வந்தார். மெமோ வந்துவிட்டதாம். கோபமாகத் தெரியவில்லை. டீயை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"குடுக்காத நாளெல்லாம் தப்பிச்சேன். நெசமா லீவு குடுத்த அன்னிக்கு மாட்டிக்கிட்டேன் பாருங்க சார்."

தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டதாக என் மனைவி நின்றபடியே விளக்கம் சொன்னாள். கால் வலிக்கும், உட்காருங்கம்மா என்றார் அவர். வருகிற வாரம் மேலிடத்திலிருந்து ஒரு அம்மா குடியிருப்புச் சமுதாயக் கூடத்துக்கு வருகிறார்கள், குடும்பத்தாரை நேரில் கேட்கப்போகிறார்கள் என்றார். நான் வழக்கம்போலச் சொல்லிவிட்டால் இது வெறும் தூக்கக் கலக்கமாக முடிந்துவிடும் என்றார்.

"புதன்கிழமை இனிக் கிடைக்குங்களாய்யா?" என்று அவள் கேட்டாள்.

அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆளு எங்கம்மா இருக்கு?"

கூட்டம் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், காகிதத் தட்டில் மிக்சர். மேசைக்குப் பின்னால் நரைத்த தலையோடு அந்த அதிகாரி. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஆய்வாளர். வார ஓய்வு கிடைக்கிறதா என்று அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். கிடைக்குதுங்கம்மா என்றார்கள். ஒரு பெண், தன்னைக் கேட்பதற்கு முன்பே கிடைக்குதுங்க என்று எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

என் முறை வந்ததும் அவர் கோப்பைப் புரட்டினார். என்னுடைய பதில்கள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. எண்ணெய்க் குளியல், தையற்கடை, கோயில். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உங்கள் வீட்டில் கொல்லிமலைக்கு அடிக்கடி போவார்களோ என்று கேட்டார். கூடம் சிரித்தது. நானும் அதற்கு ஒரு நல்ல பதில் தயாராக வைத்திருந்தேன். அருவி, மூட்டுவலி, மூலிகை என்றெல்லாம் போட்டு முந்தின நாளே கட்டிவைத்த பதில். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சொல்ல எழுந்தவன் கண்ணில் அவள் பட்டாள். கூடத்தின் பின்சுவரோரம், சீருடையில், காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் காலி நாற்காலிகள் கிடந்தன. அன்றைக்கும் புதன்கிழமை.

தயாராக வைத்திருந்த பதில் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்குத் துக்கமோ ஆத்திரமோ வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. வாய் மட்டும் பேசியது.

"அதா நிக்கறாங்க பாருங்க, அவங்கதானுங்க என்ற சம்சாரம். இன்னிக்கு அவங்களுக்கு ஓய்வுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். ஆய்வாளர் தரையைப் பார்த்தார்.

"நீங்க ஏம்மா நிக்கறீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"பந்தோபஸ்துங்கம்மா."

"எதுக்கு?"

"இந்தக் கூட்டத்துக்குத்தாங்கம்மா."

ஒருவரும் சிரிக்கவில்லை. என் வாழ்நாளில் நான் கேட்ட சிறந்த நகைச்சுவை அது. அவளுக்கு அது தெரியவும் இல்லை. உட்காருங்கள் என்றார் அதிகாரி. அவள் உட்காராமல் ஆய்வாளரைப் பார்த்தாள். நிற்கச் சொன்னவர் அவர். அவர் தலையசைத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

பிறகு அந்த அம்மா எங்களை விட்டுவிட்டு ஆய்வாளரைக் கேட்கத் தொடங்கினார். அனுமதித்த ஆள் எத்தனை, நிலையத்தில் எத்தனை, மீதிப் பேர் எங்கே. அவர் ஒவ்வொருவராகச் சொன்னார். வேறு பணி, வேறு பணி என்று சொல்லிக்கொண்டே போனார். எந்த வேறு பணி என்று அந்த அம்மா விடாமல் கேட்டார். நாய் வந்ததும் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடி வைத்தார். மறுபடி திறந்து அதையும் எழுதினார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் இரண்டு பேர் நிலையத்துக்குத் திரும்பி வந்தார்கள். இரண்டே பேர். ஆய்வாளரை மாவட்டத்தின் கோடிக்கு மாற்றினார்கள். போவதற்கு முன் என்னைத் தெருவில் பார்த்து நின்றார். "காலு ஆறுனாச் செரிங்க சார்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். இப்போது வந்திருக்கும் ஆய்வாளர் என் மனைவியிடம் வேலையைத் தவிர வேறு பேசுவதில்லை. மற்றவர்களும் அப்படித்தான். ஆனால் புதன்கிழமை கிடைக்கிறது.

போன புதன்கிழமையும் படுத்திருந்தாள். புண்ணின் ஓரம் காய ஆரம்பித்திருக்கிறது. பொறுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மத்தியானம் கண்ணைத் திறந்து, இன்றைக்கு முக்கில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டாள். பங்களாவிலிருந்து வந்த பையன் என்றேன். பையன் என்றால் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நாயோடு பங்களாத் தோட்டத்து நிழலிலேயே இருந்துவிட்டு வந்தவன்.

அவள் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இப்ப வெயிலு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். செருப்புக்கடை ஓரமா ஒதுங்கி நில்லு, அங்க கொஞ்சம் நெழலு கிடைக்கும். தண்ணி அந்தக் கடையிலயே கேளு, குடுப்பாங்க. ஒரே கால்ல பாரத்தைப் போடாத."

அவன் ஏதோ வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வைத்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"அந்த நாய் ரெண்டு நாளா சாப்பிடலையாம். அவனுக்கு அதே நெனப்பா இருக்குதாம்."

"பாவம்," என்றேன்.

"ம்," என்றாள். எங்கள் இருவரில் யார் யாருக்காகப் பாவப்பட்டோம் என்று தெரியவில்லை. சரிந்திருந்த தலையணையைக் காலுக்கடியில் மறுபடி ஏற்றி வைத்தேன். அதற்குள் அவள் தூங்கியிருந்தாள்.