ஒற்றை பூட்ஸ் மூட்டை

சுருளிப்பட்டியை விட்டுக் கம்பத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். நாலு மாதம் அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்தேன். கடைசியாக வந்த கேனில் லேபிளே இல்லை. எந்தக் கம்பெனி, உள்ளே என்ன இருக்கிறது என்று முதலாளியிடம் கேட்டேன். "விலை கம்மி. அம்புட்டுத்தான்" என்றார். மறுபடியும் கேட்டேன். "கேள்வி கேக்குறவனுக்கு இங்கன வேலை இல்லை" என்றார். இரண்டு கையிலும் தோல் உரிந்திருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் அதிகம் படித்தது சாமான்களின் பின்பக்கத்தைத்தான். சோப்போ டார்ச்சோ கையில் வந்தால் திருப்பிப் பார்ப்பேன். எந்த ஊரில் செய்தது, யார் செய்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

கம்பத்தில் மலையிலிருந்து திரும்பும் ஜீப்புகள் வந்து நிற்கிற நேரம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் அக்கா ஒருவர் இறங்கினார். வேலை கேட்டேன்.

"களை வெட்ட ஒரு ஆள் குறையுது. பூட்ஸ் இருக்கா?"

"செருப்பு இருக்குக்கா."

"செருப்போட வந்தா அட்டை உன்னையத் தூக்கிட்டுப் போயிரும். பூட்ஸ் வாங்கிட்டு வந்து காட்டு. இல்லாட்டி வேற ஆளு பாத்துக்கிறேன்."

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. அந்த ஓர் இடம் போனால் மறுநாளும் அப்படித்தான்.

கடையில் மூன்று விதமான ரப்பர் பூட்ஸ் இருந்தது. ஒன்று என் கைக்கு எட்டாத விலை. இன்னொன்றின் முத்திரையைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனியின் ஷெட்டில் மூன்று மாதம் வேலை பார்த்தேன். பெண்கள் வெறும் விரலால் பசை தடவுவார்கள். கையுறை கேட்டவர்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நானும் நின்றுவிட்டேன். இனி இவர்கள் சரக்கைக் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். அதை ஒரு தடவைகூட மீறியதில்லை. மூன்றாவது, பெயரே இல்லாத மெல்லிசு பூட்ஸ். அதை வாங்கினேன். பெயரில்லாத மருந்தை வேண்டாம் என்று வந்தவன், பெயரில்லாத பூட்ஸைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பினேன்.

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"இது யாருக்கும் ஜோடி சேராதேப்பா" என்றார் அக்கா.

எனக்குப் புரியவில்லை. அவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துக் கொட்டினார். முழுக்க ஒற்றை பூட்ஸ். எல்லாமே வலது கால். நான் வேண்டாம் என்று வைத்த அதே முத்திரை.

விஷயம் இதுதான். களை வெட்டும்போது அருவாள் தவறினால் இடது காலில்தான் விழும். இடது பூட்ஸ் கிழியும், வலது நன்றாக இருக்கும். அதைத் தூக்கிப் போடாமல் சாக்கில் சேர்ப்பார்கள். யாருக்காவது கல்லில் பட்டு வலது கிழிந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். அதற்காகவே எல்லோரும் ஒரே கம்பெனி வாங்குகிறார்கள்.

"வேற கம்பெனின்னா ஒரு காலு மேடு, ஒரு காலு பள்ளம். சரிவுல நொண்டிக்கிட்டுத்தான் நிக்கணும்" என்றார் அக்கா. "ஆனா கிழியிறது என்னமோ இடதுதான். மூட்டை ஏறிக்கிட்டே போகுது."

நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அளவில் மட்டும் ஆறு கிடந்தது.

"பாத்தது போதும். அருவா பிடிக்கத் தெரியுமா?" என்று ஓர் அருவாளை நீட்டினார். இடது கையில் வாங்கினேன்.

"ஏ ஆத்தா! நொட்டாங்கைக்காரன்டி!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கத்தியது.

அக்கா என் கையைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். "உனக்கு வலதுதானப்பா கிழியும். ஒரே ஒரு ஜோடி வாங்கு. பிறகு ஆயுசுக்கும் கடைப்பக்கம் போக வேண்டாம்."

அந்தக் கம்பெனி சரக்கை நான் வாங்குவதில்லை என்று காரணத்தைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

"இப்ப அங்கன கையுறை குடுக்குறாகளா?" என்று அக்கா கேட்டார்.

"தெரியாதுக்கா."

"யார்கிட்டயும் விசாரிச்சியா?"

"இல்ல."

"அப்ப ஏழு வருஷமா யாருகூடப்பா கோவிச்சுக்கிட்டு இருந்த?"

எல்லாச் சாமானையும் திருப்பிப் பார்த்தவன் அந்த ஒன்றை மட்டும் திருப்பிப் பார்க்கவே இல்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைக்குப் போய் மேல்காசு கொடுத்து மாற்றினேன். பிடிக்கவில்லைதான். மூட்டைக்குள் என் அளவில் ஆறு வலது பூட்ஸ் கிடந்தது, அதனால் மாற்றினேன். உள்பக்கத்தில், சரக்கைச் சோதித்த ஆளின் எண்ணைக் குத்தியிருப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் காலத்தில் அந்த எண் கிடையாது. யாரோ புது ஆள். அவர் விரல் எப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியுமுன் ஜீப் மலைமெட்டு ஏறியது. தோட்டத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தினார்கள். இடது கைக்காரன் நடுவில் நின்றால் பக்கத்து ஆளை வெட்டிவிடுவான் என்று என்னைக் கடைசியில், ஓடை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அங்கிருந்து சரிவில் மேல்நோக்கிக் களை வெட்டிக்கொண்டு போனேன்.