துரையோடு இருபத்தொன்பது வருஷம்

பாட்டுப் பதிவுக்கூடங்களில் எல்லோருக்கும் அவள் கிட்டாரக்கா. முகம் தெரியாத எத்தனையோ பாடகர்களுக்குப் பின்னால் அவள் விரல்கள் ஓடியிருக்கின்றன. அவ்வளவுக்கும் ஒரே கிட்டார். இருபத்திரண்டு வயதில் வாங்கியது. வயிறு பெருத்த, கட்டைக்குரல் கொண்ட பெரிய கிட்டார். வாங்கிய புதிதில் பஸ்ஸில் தான் நின்றுகொண்டு அதை உட்கார வைத்துக் கூட்டிவந்தவள்.

அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்தவர் கணவர். துரைக்கு மழைக்காலத்தில் உடம்பு ஊதும். ஏசிக் காற்றில் மரம் காய்ந்து விரிசல் விடும். அதனால் அது இருக்கும் படுக்கையறையில் ஏசி போடவே கூடாது.

"எனக்கு வேர்த்து ஊத்துது. துரைக்கு மட்டும் குளிர் ஆகாதா?" என்பார் கணவர்.

"ஆகாதுன்னா ஆகாது. பேசாம படுங்க."

இப்படி வக்காலத்து வாங்கியவளுக்கே ஐம்பது வயதைத் தாண்டியதும் பொறுமை போயிற்று. அந்தப் பெருத்த வயிற்றின்மேல் வலது கையைத் தூக்கிப் போட்டு வாசித்தால் பத்தே நிமிஷத்தில் தோள்பட்டை கடுத்தது. இந்த லட்சணத்தில் துரைக்குச் சுருதியும் நிற்கவில்லை. வீட்டில் சுருதி சேர்த்து எடுத்துப் போனால் பதிவுக்கூடத்துக் குளிரில் இறங்கிவிடும்.

"மரம் இல்லீங்களா, அது மூச்சு விடும்," என்றார் ரிப்பேர்க்காரர்.

"அது நல்லா விடட்டும். என்னை மூச்சு விட விடுதா?"

டாக்டரம்மா தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, "வெயிட் ஏதாவது தூக்குறீங்களா?" என்று கேட்டார்.

"கிட்டார்தான்."

"கொஞ்ச நாளைக்கு அதை விட்டுடுங்களேன்."

"விட்டுட்டு?"

டாக்டரம்மா சீட்டை இழுத்து வலிக்கு மாத்திரை எழுதினார்.

ஒருநாள் காலை, ஒரு மெதுவான பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் ஐந்தாவது முறையாகச் சொன்னார்: "அக்கா, மூணாவது கம்பி திரும்பவும் இறங்குதுக்கா."

பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். படக்கென்று ஒரு சத்தம். கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் அடிக்கட்டை பிய்ந்து எழுந்து நின்றது.

"போதும்டா சாமி! உன்னோட மாரடிச்சே என் தோள் போச்சு!" என்று கத்தினாள். கிட்டாரைத்தான் திட்டினாள், ஆனால் ஒலிப்பதிவாளர் பயந்துபோய்ப் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

இசையமைப்பாளர் எழுந்துபோய், தான் மெட்டுப் போடும்போது தட்டிப் பார்க்கிற சின்னக் கிட்டாரை எடுத்துவந்தார். நைலான் கம்பி. "இதுல வாசிச்சுப் பாருங்கம்மா."

"இதுலயா? விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு."

இருந்த கோபத்தில் அதை வெடுக்கென்று வாங்கி மடியில் வைத்தாள். கை தானாகக் கம்பிமேல் போய் விழுந்தது. தோளை உயர்த்தவே வேண்டியிருக்கவில்லை. ஒரே மூச்சில் பாட்டு முடிந்தது.

"இன்னொரு தடவை எடுக்கவா?"

"வேண்டாம்மா. இந்தப் பாட்டுக்கு இதுதான்," என்றார் இசையமைப்பாளர்.

பாராட்டைக் கேட்டு அவளுக்கு வயிறுதான் எரிந்தது. அப்படியானால் இத்தனை வருஷம் வலித்ததெல்லாம் எந்தக் கணக்கில்? ஆட்டோவில் உடைந்த துரையை அணைத்துப் பிடித்தபடி, ஓட்டுநர் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

துரை ஒரு மாதம் ரிப்பேர்க்காரரிடம் கிடந்தது. படுக்கையறையில் ஏசி ஓடியது. கணவருக்கு மூன்றாம் நாளே சளி பிடித்தது. அவளும் சின்னதாக ஒரு கிட்டார் வாங்கிக்கொண்டாள். வேலை தடையில்லாமல் நடந்தது, தோளும் கொஞ்சம் இளகியது. ஆனால் பாட்டில் கீழ்ச்சுரம் வரும் இடங்களில் அந்தச் சின்ன வயிற்றிலிருந்து கிணுகிணுப்புதான் வந்தது. ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்தாள்.

துரை திரும்பி வந்தபோது, ஒட்டிய கட்டை மறுபடி பிய்ந்துவிடாமலிருக்க எல்லாக் கம்பியையும் தளர்த்தி, சுருதியை நன்றாக இறக்கி வைக்கச் சொல்லியிருந்தார் ரிப்பேர்க்காரர். வேண்டாவெறுப்பாக இறக்கினாள். தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, அதை மடியில் சரித்துப் போட்டு ஒரு கம்பியைத் தட்டினாள். லேசாகக் கரகரத்து, அடியாழத்திலிருந்து எழும்பியது ஒரு நாதம். அவள் அதுவரை அதனிடம் கேட்டிராதது. எரிச்சலாக வந்தது.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடு?"

சமையலறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "என்னையா கேட்ட?"

"உங்களை இல்ல."

அதன்பிறகு துரை வேலைக்குப் போகவில்லை. காலையில் கால் மணி நேரம், தோள் தாங்குகிற வரைக்கும், தனக்காக மட்டும் அதை வாசித்தாள்.